மணலுக்கு ஆள் எடுத்த கதை

விரல் அக்காவுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று கட்டடத்தில் ஒருவருக்கும் நினைவில்லை. பெயர் பொருத்தமானது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் துப்புரவுப் பணியாளர்களுக்கு அவர்தான் மேற்பார்வையாளர். காலையில் லிஃப்டிலிருந்து இறங்கியதும் எதிரே எது இருக்கிறதோ, ஜன்னல் விளிம்போ கதவின் மேல்சட்டமோ, அதன்மேல் ஆள்காட்டி விரலை ஒரு ஓட்டு ஓட்டுவார். பிறகு விரலைப் பார்ப்பார். பிறகு பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பார். வாயைத் திறக்கவே மாட்டார். "அக்கா நாலு திட்டு திட்டிட்டாக்கூட நிம்மதியாப் போயிரும்" என்று பணியாளர்கள் தங்களுக்குள் புலம்புவார்கள்.

வேலையில் அவராக ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. புதிதாக ஒருவர் சேர்ந்தால், அவருக்கு ஒதுக்கிய மாடியை முந்தின நாளே விரல் அக்கா தன் கையால் துடைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடுவார். வந்தவரைக் கூட்டிப்போய் நிறுத்தி, "இதான் அளவு. நாளைக்கும் இப்படியே இருக்கணும்" என்பார். முதல் நாள் அந்த ஆளுக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. டீயும் பன்னும் வாங்கிக் கொடுப்பார். யாரையும் வெறும் வயிற்றோடு வேலையில் இறக்குவது அவருக்குப் பிடிக்காது. டீயைக் குடித்துவிட்டுத் தரையைப் பார்த்து மிரண்டுகொண்டிருப்பதுதான் அன்றைய வேலை. இப்படித்தான் நல்ல பணியாளர்கள் உருவாகிறார்கள் என்பது அவர் கட்சி. பாதிப் பேர் இரண்டாம் நாள் வந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குள் ஒரு நாள் கடல் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தது கணவர். ஃபிரிட்ஜ் மெக்கானிக், ஊரெல்லாம் அவரை 'ஐஸ்' என்றுதான் கூப்பிடும். ஐந்து நிமிட வேலைக்குப் போனால் அந்த வீட்டுக்காரர் கதையெல்லாம் கேட்டுவிட்டு ஐந்து மணிக்குத் திரும்புகிற மனிதர். வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த ஒரு வாடிக்கையாளர், தன் உப்புநீர் மீன்தொட்டியைப் பாறை, பவளம், மீன்களோடு அப்படியே அவரிடம் கொடுத்துவிட்டார். அதைக் கூடத்துச் சுவர் ஓரமாக வைத்துத் தண்ணீர் நிரப்பி விளக்கைப் போட்டபோது, அடியில் மணல் சர்க்கரை போல வெளுத்துக் கிடந்தது. விரல் அக்கா குனிந்து பார்த்தார். ஒரு குறையும் கண்ணில் படவில்லை. "இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

சில வாரங்களில் அந்தச் சர்க்கரை கருகத் தொடங்கியது. முதலில் டீக்கறை மாதிரி ஓரிடத்தில். பிறகு துருப்பிடித்த தகரம் மாதிரி எல்லா இடத்திலும் பழுப்புப் பாசி. கடலைத் தொட்டிக்குள் அடைத்தவர்கள் பலருக்கும் நடப்பதுதான் இது. ஆனால் பலர் வீட்டில் விரல் அக்கா இல்லை.

ஐஸுக்குக் கெட்ட நேரமோ என்னவோ, அன்றைக்குப் பார்த்து அவர்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் மேலே வந்திருந்தார். தொட்டிமேல் அவருக்கு முதல் நாளிலிருந்தே ஒரு கண்.

"எங்க கிளினிக்ல காத்திருக்கிற இடத்துல இது இருந்தா, ஊசிக்குப் பயந்தவன்கூட உக்காந்து மீனைப் பாத்துட்டு இருப்பான்" என்று பெருமூச்சு விட்டார்.

"எடுத்துக்குங்க டாக்டர்!" என்றார் விரல் அக்கா, மணலைப் பார்த்த ஆத்திரத்தில். "இந்த மாசக் கடைசிக்குள்ள இந்த மணல் வெளுக்கலைன்னா நீங்களே தூக்கிட்டுப் போயிருங்க. நான் சொன்னா சொன்னதுதான்."

டாக்டர் அன்று மாலையே தச்சரை வரவழைத்துக் கிளினிக் சுவரை அளந்துவிட்டார்.

சொன்ன சொல்லை மாற்றிச் சொல்வது விரல் அக்காவின் வரலாற்றில் கிடையாது. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள் இருந்தன. ஒன்றுக்கு வெள்ளைப் பட்டை முழுசாக இருந்தது. சின்னதுக்குப் பட்டை முதுகிலிருந்து இறங்கிப் பாதி வயிற்றில் நின்றுபோயிருந்தது. அதற்கு 'அரைச்சட்டை' என்று பெயர் வைத்ததே விரல் அக்காதான். அவர் வேலை முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்தால் போதும், அரைச்சட்டை கண்ணாடி மூலைக்கு ஓடிவந்து வாலை ஆட்டும். அவரும் குரலைத் தாழ்த்தி அன்றைக்கு அலுவலகத்தில் நடந்ததையெல்லாம் அதனிடம் ஒப்பிப்பார். "மேனேஜர் இருக்கானே, காபியைக் கொட்டிட்டுக் கார்ப்பெட்டைத் திருப்பிப் போட்டிருக்கான்டா!" மீன் வாயைத் திறந்து திறந்து மூடும். இவ்வளவு அக்கறையாக அவர் பேச்சை அதுவரை யாரும் கேட்டதில்லை. ஐஸ் கேட்பார், ஆனால் நடுவில் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

கிளினிக் சுவர் அளக்கப்பட்ட செய்தி வந்த அன்றுதான், அரைச்சட்டையைப் பிரிய முடியாது என்பது விரல் அக்காவுக்கு உறைத்தது. வார்த்தையை வாபஸ் வாங்கவும் முடியாது. மிச்சமிருந்தது ஒரே வழி: மாசக் கடைசிக்குள் மணல் வெளுத்தாக வேண்டும்.

"மணலைத் துப்புரவு பண்றதுக்குன்னே கடல்ல சில ஜந்துக்கள் இருக்காம். மீன் விக்கிற கடைல கேட்டேன்" என்றார் ஐஸ்.

விரல் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆள் எடுக்கணும்னு சொல்லுங்க. அதை ஏன் என்கிட்ட முதல்லயே சொல்லல?"

வளர்ப்பு மீன் கடைக்காரர் முப்பதைத் தாண்டியவர், கை முட்டிவரை எப்போதும் ஈரம். பொருளை விற்பதைவிட விற்காமல் இருப்பதில் அவருக்கு ஆர்வம் அதிகமோ என்று தோன்றும். விரல் அக்கா ஒவ்வொரு தொட்டியாக நின்று விசாரித்தார்.

"தம்பி, இந்த நட்சத்திர மீன் எப்படி? பாக்க லட்சணமா இருக்கு."

"மணலுக்குள்ள புகுந்து வேலை பார்க்கும்க்கா. ஆனா மணல்ல இருக்கிற சின்னச் சின்ன உயிரையெல்லாம் தின்னு தீர்த்துடும். அப்புறம் உங்க தொட்டி அளவுக்கு அதுக்குத் தீனி பத்தாது. பட்டினில கை ஒவ்வொண்ணா உதிர்ந்து செத்துப்போகும்."

"ஐயய்யோ, வேணாம். இந்த வெள்ளரிக்கா?"

"கடலட்டை. மணலை முழுங்கிச் சுத்தம் பண்ணித் துப்பும். அருமையான வேலைக்காரன். ஆனா கோவம் வந்தாலோ செத்தாலோ சில வகை விஷத்தைக் கக்கிடும். தொட்டில ஒரு மீன் மிஞ்சாது."

"எங்க நாலாம் மாடில அப்படி ஒருத்தர் இருந்தாரு" என்றார் விரல் அக்கா. "இந்த நண்டு?"

"துறவி நண்டு. பேருதான் துறவி. பக்கத்துல நத்தை இருந்தா அதைக் கொன்னுட்டு ஓட்டுக்குள்ள குடியேறிடும்."

அப்போதுதான் ஓரத் தொட்டியில் அந்த உளுவை மீனைப் பார்த்தார். வெள்ளை உடம்பு, ஆரஞ்சுப் புள்ளிகள். வாய் நிறைய மணலை அள்ளும், மெல்லும், செவுள் வழியாகச் சலித்துக் கொட்டும், அடுத்த வாய். நிற்கவில்லை, நிமிரவில்லை, அக்கம்பக்கம் பார்க்கவில்லை. விரல் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருட சர்வீஸில் இப்படி ஓர் ஆளை அவர் கண்டதில்லை.

"இவன்தான்" என்றார்.

"அக்கா, இது கொஞ்சம்..."

"தம்பி, ஆள் எடுக்கிறதுல எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம்."

கடைக்காரர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டார். உளுவையை மறுநாள் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு விரல் அக்கா வேகமாக வீட்டுக்குப் போனார். புது ஆள் வரப்போகிறது. முந்தின நாள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறதல்லவா? மேல்மணலையெல்லாம் அகப்பையால் பக்கெட்டில் அள்ளிக் குழாயடியில் வைத்து, தண்ணீர் தெளிகிறவரை கழுவினார். அலசினார். மறுபடி கழுவினார். கொண்டுபோய்ப் பரப்பியபோது தொட்டி பால் மாதிரி கலங்கி, ராத்திரிக்குள் தெளிந்தது. மணல் மின்னியது. ஐஸ் குனிந்து குனிந்து பார்த்தார். "ஏம்மா, இப்பவே வெளுத்துடுச்சே, அப்புறம் ஆள் எதுக்கு?"

"இது அளவு காட்டுறதுக்குங்க. தொடர்ந்து வெச்சிருக்கத்தான் ஆள்."

உளுவை வந்தது. மெல்ல மெல்லத் தொட்டித் தண்ணீருக்குப் பழக்கி இறக்கியதும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வேலையில் குதித்தது. முதல் நாள் வீடே கொண்டாட்டம். இரண்டாம் நாள் பச்சைப் பவளத்தைக் காணவில்லை; அது மணலுக்கு அடியில் இருந்தது. மூன்றாம் நாள் இடது மூலையில் ஒரு மலையும் வலது மூலையில் வழுக்கைக் கண்ணாடியும் இருந்தன. உளுவை ஒரு வாய் மணலை மேலே தூக்கிக்கொண்டு போய், சரியாக அரைச்சட்டையின் தலைக்கு மேல் நின்று கொட்டியது. அரைச்சட்டை உதறிக்கொண்டு மூலைக்கு ஓடி வந்தது. விரல் அக்காவைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"புகார் குடுக்குது" என்றார் ஐஸ்.

"பெருக்கச் சொன்னா வீட்டையே மாத்திக் கட்டுறானே!" என்று விரல் அக்கா தலையில் கை வைத்தார்.

அதைவிட மோசம், அந்த வார முடிவில் உளுவையின் வயிறு ஒட்டிப்போயிருந்தது. அதற்குள் மணலிலும் பழைய பழுப்பு திரும்ப எட்டிப் பார்த்தது. உளுவையைப் பிடித்துக் கடைக்கே கொண்டுபோக இருவரும் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. வலையைக் காட்டினால் பாறைக்குள் போகும். பாறையைத் தூக்கினால் வலைக்குப் பின்னால் நிற்கும். ஐஸ் தோள்வரை நனைந்து, விரல் அக்கா ஸ்டூலிலிருந்து வழுக்கி, கடைசியில் தீனி வைத்த ஊறுகாய் பாட்டிலுக்குள் அதுவாக நுழைந்து மாட்டிக்கொண்டது.

கடைக்காரர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மீனைப் பார்த்தார், பிறகு விரல் அக்காவைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்பது விரல் அக்காவுக்கு நன்றாகவே தெரியும், வாங்கித்தான் பழக்கமில்லை.

"மணலைக் கழுவினீங்களாக்கா?"

"ஆமா. முதல் நாள் வர்ற ஆளுக்கு..."

"குழாய்த் தண்ணில?"

"தெளியிற வரைக்கும்."

கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அக்கா, இது மணலை எதுக்குச் சலிக்குதுன்னு நினைச்சீங்க? சுத்தம் பண்ணவா? அது சாப்பிடுதுக்கா. மணலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத புழு பூச்சியெல்லாம் இருக்கும். அதான் அதுக்குச் சோறு. நீங்க அந்தச் சோத்தைக் கழுவி வடிகால்ல ஊத்திட்டு, வெறும் தட்டை முன்னாடி வெச்சு 'சாப்பிடு'ன்னு சொல்லியிருக்கீங்க. அது பசில தட்டையே புரட்டிப் புரட்டிப் போட்டிருக்கு. மணல்ல இருந்த நல்லதெல்லாம் போனதாலதான் பாசியும் திரும்ப வந்திருக்கு."

விரல் அக்காவின் முகம் மாறிவிட்டது. ஒரு வாரமாக ஓர் ஆளைப் பட்டினி போட்டு வேலை வாங்கியிருக்கிறார். அதுவும் 'சோம்பல் இல்லாதவன்' என்று மெச்சிக்கொண்டே. ஓயாத உழைப்பு என்று நாம் வியக்கிற பலதும் பசியாக இருக்கலாம் என்ற எண்ணம் அவ்வளவு சுகமானதல்ல.

"அது பிழைச்சுக்குமா தம்பி?"

"நான் தேத்திக்கறேன். நீங்க இப்ப நான் சொல்றதைக் கேட்பீங்களா?"

"கேக்கறேன்" என்றார் விரல் அக்கா. பக்கத்தில் நின்ற ஐஸ் அதைக் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கடைக்காரர் கொடுத்தது ஒரு கைப்பிடி சின்ன நத்தைகளும் ஒரே ஒரு சங்கும். நத்தைகள் மணலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். மீன் தின்று சிந்திய மிச்சத்தைத் தேடித் தின்னும். அவை நடமாடுவதால் மணல் மெல்லப் புரளும். சங்கு மணலின் மேல் மேய்ந்து பாசியை வழிக்கும். இந்த அளவுத் தொட்டிக்குச் சங்கு ஒன்று போதும், இரண்டு வந்தால் இரண்டுக்கும் அரைவயிறு. கூடவே அவருடைய பழைய தொட்டியிலிருந்து ஒரு கிண்ணம் அழுக்கு மணலையும் கொடுத்தார். "இதை அங்கங்க தூவுங்க. இதுல உயிர் இருக்கு. இன்னும் ஒண்ணு. நீங்க கையை வைக்கவே கூடாது. துடைக்கக் கூடாது, கழுவக் கூடாது."

"பாத்துட்டு மட்டும் இருக்கணுமா?"

"பாக்கறதுகூட கொஞ்சம் குறைச்சுக்கலாம்."

தன் கையால் தன் வீட்டுக்குள் அழுக்கைத் தூவிய அந்த மாலை, விரல் அக்கா கண்ணை மூடிக்கொண்டுதான் தூவினார். நத்தைகளை இறக்கினார்கள். அவை ஒரு கணம் நின்றன. பிறகு ஒவ்வொன்றாக மணலுக்குள் புதைந்து மாயமாயின. ஒன்றுகூட மிச்சமில்லை.

"சேர்ந்த அன்னிக்கே எல்லாரும் தலைமறைவு!" என்றார் விரல் அக்கா. "ஏங்க, உங்க ஆளுங்க எங்க?"

"என் ஆளுங்களா? நீதானே எடுத்த?"

மறுநாளும் ஆளைக் காணோம். அதற்கு அடுத்த நாளும் இல்லை. சங்கு மட்டும் சாவகாசமாக, யானை மாதிரி ஒரு தும்பிக்கையை நீட்டிப் பாசியை வழித்துக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு காம்புகள். காம்பு நுனியில் மஞ்சள் வளையம் போட்ட கண்கள். ஒரு கண் அவரைப் பார்க்கும்போது இன்னொன்று ஐஸைப் பார்க்கும். விரல் அக்கா தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அலுவலகத்தில் விரலை ஓட்டாமல் போனவரைக் கேட்டார்கள்: "என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

அடுத்த நாள் ஐஸ் மீன்களுக்கு இறால் துணுக்குகளைப் போட்டார். ஒன்று நழுவி அடியில் விழுந்தது. மணல் லேசாக விம்மியது. ஒரு குழல் எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு தரை முழுக்கப் பொத்துக்கொண்டு, நாலா பக்கமும் நத்தைகள் கிளம்பி, தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்தபடி, நத்தை என்ற பெயருக்கே அவமானம் தேடித்தருகிற வேகத்தில் இறாலை நோக்கி ஓடின.

விரல் அக்கா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். "என்னாச்சு? என்னாச்சு?"

"எல்லாரும் இருக்காங்க!" என்றார் விரல் அக்கா, சிரிப்பும் மூச்சிறைப்புமாக. "ஒருத்தர் விடாம வந்திருக்காங்க! பாருங்க, அந்தக் குள்ளனைப் பாருங்க, கவுந்து விழுந்துட்டு எந்திரிச்சு ஓடுறான்!"

எதிர்வீட்டுக்காரர் பார்த்தார். போய்த் தன் மனைவியையும் கூட்டிவந்தார். அன்றிலிருந்து தீனி போடும் நேரம் அந்த மாடிக்கே ஒரு காட்சி நேரம் ஆகிவிட்டது. எந்த நத்தை முதலில் வரும் என்று ஐஸும் எதிர்வீட்டுக்காரரும் பந்தயம் கட்டினார்கள். தோற்றவர் டீ போட வேண்டும். விரல் அக்கா ஒரு பக்கமும் சாயாமல் நடுவராக இருந்தார், தன் நத்தை தோற்கிறவரை.

மணல் வெளுத்து வந்தது. ஆனால் மாசக் கடைசி நெருங்கியபோதும் வலது மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு மிச்சமிருந்தது. டாக்டர் வரவேண்டிய காலையில் விரல் அக்கா சட்டைக் கையை மடித்து, நீளக் கரண்டியை எடுத்து, மூலைக்குக் கொண்டுபோனார். ஒரு வழி வழித்தால் முடிந்தது. தொட்டி அவருடையது, அரைச்சட்டை அவருடையது, சொன்ன சொல்லும் நிற்கும்.

அந்தப் பழுப்பின் மேல் சங்கு மேய்ந்துகொண்டிருந்தது. வேறெங்கும் பாசி இல்லை. இருந்ததெல்லாம் அந்த உள்ளங்கை இடம்தான். சங்கு ஒரு கண்ணைத் தூக்கிக் கரண்டியைப் பார்த்தது. இன்னொரு கண் சாப்பாட்டிலேயே இருந்தது.

விரல் அக்கா கரண்டியை வெளியே எடுத்துவிட்டார்.

டாக்டர் இரண்டு உதவியாளர்களோடும் நாலு பக்கெட்டுகளோடும் வந்தார். உற்சாகமாகக் கண்ணாடியை ஒரு சுற்றுச் சுற்றினார். மூலைக்கு வந்ததும் நின்றார்.

"அக்கா, அங்க பழுப்பா இருக்கே."

"ஆமா டாக்டர்."

"மணல் வெளுக்கலைன்னா எடுத்துக்கச் சொன்னீங்க."

"அது அழுக்கு இல்ல டாக்டர். அது சங்குக்குச் சாப்பாடு." தன் வாயிலிருந்து வந்த வாக்கியத்தைக் கேட்டு அவருக்கே திடுக்கென்றது.

டாக்டர் விடவில்லை. "நல்லா இருக்கே! பல்லுல ஒட்டியிருக்கிறதும் கிருமிக்குச் சாப்பாடுதான். நான் விட்டு வெக்கறேனா?"

"ஊர்ல எல்லாரும் ஒழுங்காப் பல்லு தேய்ச்சா உங்க வீட்டு அடுப்பு எரியுமா டாக்டர்? நீங்களும் நானும் சங்கும் ஒரே கட்சி."

உதவியாளர்கள் இருவரும் பக்கெட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் இந்தத் தொட்டிக்கென்று தச்சர் செய்துவைத்த மேடை அவர் கண்முன் நின்றது. "சரிக்கா, பேச்சுல நீங்க ஜெயிச்சுட்டீங்க. ஆனா சொன்ன சொல்?"

விரல் அக்கா அரைச்சட்டையைப் பார்த்தார். அது மூலைக்கு வந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அவருக்குக் காது மடல்வரை சிவந்தது.

"சொன்னது சொன்னதுதான். இப்ப இல்லைங்கறேன்" என்றார். "எனக்குக் குடுக்க மனசில்ல டாக்டர். முதல்லயே மனசில்ல. வாய்தான் முந்திக்கிச்சு."



"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் அந்த மேடையைச் செஞ்சிருக்க மாட்டேனே அக்கா!" என்றார் டாக்டர் பரிதாபமாக.

"மேடை இருக்கட்டும். தொட்டி வாங்குங்க. உள்ள எதைப் போடணும், எதைப் போடக்கூடாதுன்னு நான் கூட வந்து சொல்றேன்." சொல்லிக்கொண்டே விரல் அக்கா ஒரு இறால் துணுக்கைத் தண்ணீரில் நழுவவிட்டார். ஒருவகையில் அது லஞ்சம்தான்.

மணல் விம்மியது. குழல்கள் எழுந்தன. டாக்டர் முட்டி போட்டார். உதவியாளர்கள் பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்கள். ஐஸ் வழக்கம்போல, "நான் அந்தக் குள்ளன் மேல" என்றார். "நான் இந்தக் கறுப்பு மேல" என்றார் டாக்டர்.

கதவை யாரோ தள்ளிக்கொண்டு வந்தார்கள். கழுத்தில் காகிதத் துண்டு கட்டிய ஒரு மனிதர். ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. கீழே நாற்காலியில் மரத்துப்போகும் ஊசி போட்டு டாக்டர் விட்டுவந்த நோயாளி. கோபமாகத்தான் ஏறி வந்திருக்கிறார் என்பது படிக்கட்டில் கேட்ட காலடியிலேயே தெரிந்தது. வாயைத் திறந்தார். அதற்குள் கண் தொட்டிப் பக்கம் போயிற்று. வாய் திறந்தது திறந்தபடி நின்றது. மெல்ல வந்து டாக்டருக்குப் பக்கத்தில் குந்தினார்.

குள்ளன் கவிழ்ந்தான். கூட்டம் "ஐயோ" என்றது. நோயாளியின் மரத்துப்போன பக்கத்திலிருந்து எச்சில் ஒழுகி, கண்ணாடிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் ஊசலாடியது. விரல் அக்கா அதைப் பார்த்தார். ஆனால் கறுப்பு முந்திக்கொண்டிருந்த நேரம் அது. யாராவது துடைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.